பதினேழாம் நாற்காலி

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. செய்கிற வேலைதான் பெயர். படம் பிடிக்கிறவர் கேமரா, விளக்குப் போடுகிறவர் லைட்டு, முகத்துக்குப் பூச்சுப் பூசுகிற பெண் மேக்கப்பு. அந்த வகையில் பதினெட்டு வருஷமாக அவள் வசனம். வசனம் வந்தாச்சா, வசனத்துக்குக் காய்ச்சலாம், வசனத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க என்றுதான் அவளைப் பற்றிய பேச்செல்லாம் நடக்கும். முதல் ஒன்றிரண்டு வருஷம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகி, வீட்டில் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

நிலையத்துக்கு வருஷத்தில் ஒரு தடவை உலகத் தரம் வரும். ஜலதோஷம் வருகிற மாதிரிதான். யாரிடமிருந்து தொற்றியது என்று தெரியாது. மேல்மாடியில் தொடங்கிக் கீழே இறங்கும். ஒரு வாரம் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள். பிறகு தானாகச் சரியாகிவிடும். அந்த வருஷம் அது ஒரு புத்தகமாக வந்தது. கடல் கடந்த ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் மேடையேறிய துன்பியல் நாடகம். நிகழ்ச்சித் தலைவர் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, மேஜைமேல் நிறுத்தி வைத்து, அதன் தடிமனை எல்லோருக்கும் காட்டினார். இதை நம்ம ஜனங்களுக்கு ஏத்த மாதிரி மூணு மணி நேரப் படமாப் பண்றோம் என்றார். அவர் அதைப் படிக்கவில்லை. படித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவோம் என்பது அவர் கொள்கை.

படித்தவள் வசனம் ஒருத்திதான். ஒரே மூச்சில் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள்.

கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. கடலோரத்தில் ஒரு வீடு. அக்கா, தங்கை. தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போகிறாள். புயல் வருகிறது. அக்கா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் நிற்கட்டும், அப்போதுதான் புத்தி வரும், இந்த ஒரு வரிசையை முடித்துவிட்டுத் திறக்கலாம் என்று நினைக்கிறாள். முடித்துவிட்டுத் திறக்கும்போது வாசலில் யாரும் இல்லை. கடல் படிவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. மிச்சமிருக்கிற இரண்டு அங்கமும் அக்கா அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதுதான்.

வசனத்துக்கும் ஒரு தங்கை இருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. ஊரின் மறுகோடியில் தனியாக ஒரு சின்ன வீடு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகாலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. வசனம் அப்போது ஒரு காட்சியின் நடுவில் இருந்தாள். தளத்தில் நடிகர்கள் பூச்சோடு காத்திருக்க, ஒவ்வொரு பக்கமாக எழுதி எழுதிக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். இந்த சீனை முடிச்சிட்டுக் கூப்பிடறேன்டி என்றாள். "ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள் தங்கை. சொல்லி முடித்துச் சின்னதாக ஒரு சிரிப்பு. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்த்தபோது கூடத்தில், வாசல் பக்கம் தலை வைத்துக் கிடந்தாள். நெஞ்சடைப்பு என்றார் டாக்டர். உடனே உயிர் போயிருக்க வழியில்லை, கொஞ்ச நேரம் போராடியிருப்பார் என்றும் சொன்னார்.

அம்மாவிடம் வசனம் சொன்னது வேறு. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னாள். நன்றாகவே சொன்னாள், தொழில் அது. அம்மா, தூக்கத்துலயா என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் நாலு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. அந்தப் பொய்யின் மேல்தான் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். அது இடிந்தால் அம்மாவும் சேர்ந்து விழுந்துவிடுவாள் என்று வசனம் நம்பினாள். வேறு எந்தப் பயமும் அவளுக்கு மிச்சமில்லை.

நாடகத்தை நம் பண்பாட்டுக்குக் கொண்டுவருகிற பொறுப்பு பண்பாட்டு ஆலோசகருடையது. ஓய்வுபெற்ற பேராசிரியர். எதில் பேராசிரியர் என்று யாரும் கேட்டதில்லை. முதல் கூட்டத்தில் கடலை எடுத்தார்கள். தளத்தில் தண்ணீர் நின்றால் ஷாக் அடிக்கும் என்று லைட்டு சொன்னதால் கடலோர வீடு நாலாவது மாடிக்குப் போயிற்று. இரண்டாவது கூட்டத்தில் புயல் போய் மின்வெட்டு வந்தது. தட்டிப் பார்த்துவிட்டு இருட்டில் இறங்குகிற தங்கை படியில் தவறி விழுந்து சாவாள் என்று முடிவாயிற்று. மூன்றாவது கூட்டம் முழுக்க, தங்கை தட்டும்போது அக்கா உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதிலேயே போயிற்று. கம்பளி நம்ம வெயிலுக்கு ஒத்துவராது.

எழுதிக்கிட்டு இருக்கான்னு வச்சுக்கலாமே என்றாள் வசனம். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

ஆலோசகர் சிரித்தார். "எழுதறதெல்லாம் ஒரு வேலையாம்மா? கதவைத் திறக்க எழுந்திரிக்கக்கூட முடியாத அளவுக்கு அதுல என்ன இருக்கு? நம்ம பண்பாட்டுல ஒரு அக்கா தங்கச்சியைக் காக்க வச்சான்னா அதுக்கு நியாயமான காரணம் இருக்கணும். பாக்கறவங்க மனசு ஒப்பணும்."

நியாயமான காரணத்தை ஒன்றரை மணி நேரம் தேடினார்கள். கடைசியில் பால் கிடைத்தது. அடுப்பில் பால் பொங்கி வருகிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? எல்லோர் மனசும் ஒப்பியது. குறிப்பேட்டில் பால் என்று எழுதிக் கீழே கோடு போட்டார்கள். வசனம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை நாலு வருஷத்துக்கு முன்னாலேயே யாராவது தனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

மூலத்தில் தங்கை கதவுக்கு வெளியே நின்று நாற்பது வரி பேசுகிறாள். காற்றைத் திட்டுகிறாள், அலைகளைச் சாட்சிக்கு அழைக்கிறாள், தன் எலும்புகள் இந்த வாசலில் பேசும் என்கிறாள். இதை நம் பேச்சில் வைக்கப் பதினொரு நாள் முட்டி மோதினாள் வசனம். எழுதியதெல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிற்று. நம்ம வீட்டுத் தங்கச்சி யாரையும் சாட்சிக்குக் கூப்பிடமாட்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வரி வந்தது. வந்தது என்ன, அது எங்கேயும் போயிருக்கவில்லை. ஈரக் கையோடு போய் எழுதினாள்: ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் தட்டினேன். நாற்பது வரிக்கும் பதில் அது ஒன்றுதான். எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு தடவை ஒளிபரப்பாகும், மூணு மணி நேரத்தில் ஒரு மூச்சு விடுகிற நேரம், யார் காதிலும் தங்காமல் கரைந்துபோகும் என்று நினைத்தாள். கரைந்து போகட்டும் என்றுதான் எழுதினாள்.

படம் எடுத்து முடித்ததும் உணர்ச்சி ஆய்வு. அதில் தேறாமல் எந்த நிகழ்ச்சியும் வெளியே போகாது. ஜன்னல் இல்லாத அறையில் இருபது நாற்காலி. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு பொத்தான். பொதுமக்களில் இருபது பேரை அழைத்து உட்கார வைப்பார்கள். மனசைத் தொடும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்து அறையில் ஒரு மெஷின் அதைக் கோடாக வரையும். அந்த மெஷினுக்குப் பொறுப்பான அதிகாரியையும் மெஷின் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் போனாலும் வேலை கெட்டதில்லை.

அன்றைக்குப் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். பதினேழாம் நாற்காலி காலி. இருபது பேர் இல்லாமல் ஆய்வு செல்லாது என்பது விதி. ஒரு விதியையும் மீறியதில்லை என்பது அதிகாரியின் பெருமை. அவர் நடையில் நின்றுகொண்டிருந்த வசனத்தை உள்ளே கூப்பிட்டு, ஆள் கணக்குக்கு உக்காருங்க, பொத்தானைத் தொட வேண்டாம் என்றார்.

அவள் தொடவில்லைதான், கடைசிக் காட்சி வரைக்கும். திரையில் நாலாவது மாடி இருட்டாயிற்று. அந்த இளம் நடிகை மூடிய கதவில் நெற்றியை வைத்து வரியைச் சொன்னாள். வசனத்தின் கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தான்மேல் விழுந்தது. பூட்டின வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்துகிற மாதிரி அழுத்தினாள். யாராவது திறக்கிற வரைக்கும் எடுக்கக்கூடாது என்பது போல் அழுத்திக்கொண்டே இருந்தாள். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது. மற்ற பத்தொன்பது பேரும் மடியில் கையைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். ஒருவருக்கும் பொத்தான் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் கூட்ட அறைச் சுவரில் மெஷின் வரைந்த கோட்டை ஒட்டியிருந்தார்கள். மூணு மணி நேரமும் தரையோடு ஊர்ந்த கோடு கடைசியில் எழுந்து, தாளின் விளிம்பைத் தாண்டி, மேலே ஒட்டியிருந்த இரண்டாவது தாளிலும் ஏறி நின்றது. ஒரு காட்சிக்கு அதுவரைக்கும் விழுந்த அதிகபட்ச அழுத்தல் இருநூற்றுப் பத்து. இது ஐயாயிரத்து நானூறு. விரலை எடுக்காமல் அழுத்தினால் மெஷின் நொடிக்குப் பத்து என்று எண்ணிக்கொள்ளும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே நாற்காலி. மற்ற பத்தொன்பதும் பூஜ்யம். அதற்கு நேராக, இவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று அதிகாரி குறிப்பு எழுதியிருந்தார்.

அது நான்தான் என்று வசனம் எழுந்து சொன்னாள்.

அதிகாரி கோபப்படவில்லை. "உக்காந்தது நீங்கதான், இல்லைங்கல. ஆனா பதிவுல உங்க பேர் இல்ல. பதினேழுன்னு இருக்கு. மெஷினுக்கு ஆள் தெரியாது, நாற்காலி தெரியும். நீங்க உக்காந்தீங்கன்னு நான் எழுதினா ஆய்வு செல்லாது. ஆய்வு செல்லலைன்னா படம் வெளிய போகாது. படம் வெளிய போகலைன்னா நீங்க அழுததே வீண். அதனால அழுதது பார்வையாளர்."

வசனம் அதில் ஓட்டை தேடினாள். கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். "முப்பது வருஷமா யாருக்காகப் பண்றோம்னு தெரியாமலே பண்ணிக்கிட்டு இருந்தோம். இன்னிக்குத் தெரிஞ்சுது. ஒரே ஒருத்தர். அவர் பேர் தெரியாது, வயசு தெரியாது, வீட்டுல என்ன கஷ்டம்னு தெரியாது. தெரியாதது நல்லதுதான். தெரிஞ்சா அவர் சொல்றதைக் கேக்க வேண்டியிருக்கும்."

கை தட்டினார்கள்.

அந்த ஒருவருக்காக மூணு மணி நேரப் படம் தினத் தொடராயிற்று. வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழு மணி. அழுத்தல் விழுந்த காட்சி வாராவாரம் வர வேண்டும் என்று முடிவானதால், தங்கை வெள்ளிக்கிழமைதோறும் கதவைத் தட்டி, அந்த வரியைச் சொல்லி, படியிலிருந்து விழுந்து செத்தாள். திங்கட்கிழமை அது அக்காவின் கனவு என்றோ, வீட்டுக்கு வந்த வேறொரு பெண் என்றோ, டாக்டர் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார் என்றோ ஆகும். அந்தத் திங்கட்கிழமைகளை எழுதுவது வசனத்தின் வேலை. அதில் மட்டும் அவள் முகம் சுளிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை தங்கையைப் பிழைக்க வைக்கலாம். கையில் பேனா இருக்கிறது. நாலு நாள் அவள் சாப்பிடுவாள், தலை வாருவாள், அக்காவோடு சண்டை போடுவாள். வியாழக்கிழமை வந்தால்தான் வசனத்துக்குக் கை கனக்கத் தொடங்கும்.

கதாபாத்திரங்களின் நிலவரத்தைக் குறித்து வைக்கிற தொடர்ச்சிப் பிரிவில் மட்டும் சிக்கல் வந்தது. அவர்கள் பதிவேட்டில் இருப்பவர், இறந்தவர் என்று இரண்டு பத்திதான் உண்டு. வாராவாரம் அடித்துத் திருத்தி தாள் கிழிந்துபோனதால், வழக்கமாக இறப்பவர் என்று மூன்றாவது பத்தி திறந்தார்கள்.

நாற்காலியையும் ஆய்வு அறையிலிருந்து பெயர்த்துக் கூட்ட அறைக்குக் கொண்டுவந்தார்கள். தலைவருக்கு நேர் எதிரே போட்டார்கள். கூட்டத்தில் பத்து பேர் என்றால் பதினோரு டீ வந்தது. பதினோராவது டீ நாற்காலிக்கு முன்னால் ஆறி, ஏடு கட்டி, அப்படியே திரும்பிப் போகும். யார் என்ன யோசனை சொன்னாலும் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தி அந்தப் பக்கம் பார்ப்பார்கள். பதினேழு இதுக்கு அழுவாரா என்று தலைவர் கேட்பார். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அழமாட்டார் என்று அவரே சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போவார். முதலில் வசனத்துக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாறு வாரத்தில் சிரிப்பு போயிற்று. மெத்தையில் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அது தன் பள்ளம்தான் என்று தெரியும். ஆனாலும் பேச்சு நடுவில் கண் அந்தப் பக்கம் போனால், யாரோ தலையைச் சற்றே சாய்த்து, ஒரு கண்ணை மூடி, லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த டீயை யாராவது குடித்துத் தொலைத்தால் தேவலை என்று இருக்கும்.

வரி ஊருக்குள் இறங்கிவிட்டது. வாயிற்காவலர் அதைச் சொல்லிச் சிரித்தார். மருந்துக் கடையில் வரிசையில் நின்றவள் போனில் யாரிடமோ சொன்னாள். தவறான எண்ணுக்குக் கூப்பிட்ட ஒருத்தி, மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் அதைச் சொல்லிவிட்டு வைத்தாள். நிலையத்து லிஃப்டில் கதவு மூடும்போது ஒலிக்க வைத்தார்கள். ஐந்தாவது மாடிக்கு வசனம் படியேறிப் போகத் தொடங்கினாள். உடம்பைப் பார்த்துக்கிறாங்க என்று மற்றவர்கள் மெச்சினார்கள்.

வீட்டில் அம்மா ஏழு மணிக்குத் தவறாமல் தொடரைப் போட்டாள். வசனம் சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்து, திரையை விட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மாதான் என்பது தங்கையின் வாயில் எப்போதும் இருந்த சொல். எதற்கு வந்தே என்றால் சும்மாதான். ஏன் அழறே என்றால் சும்மாதான். அம்மாவுக்குப் பொறி தட்டினால் போயிற்று. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அந்த இடம் வருவதற்கு முன்னால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போவாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். காட்சி முடிந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அழுகைக் காட்சி அம்மாவுக்குப் பிடிக்காது என்று எடுத்துக்கொண்டாள் வசனம். அது நல்லதுக்குத்தான் என்றும் எடுத்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டாவது சாவு எடுக்கிற அன்றைக்கு அந்த நடிகை வசனத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. "அக்கா, தூக்கத்துலகூட இதையே சொல்றேனாம், என் வீட்டுக்காரர் பயந்துக்கறார். ஒவ்வொரு வாரமும் செத்து எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது. இந்தப் பொண்ணு நிஜமா எப்படிக்கா சொல்லியிருப்பா?" என்றாள். வசனம், எனக்கு எப்படித் தெரியும் என்று எழுந்து போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்துத் தளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாள். நடிகை கதவில் நெற்றியை வைத்தாள். வரியைச் சொன்னாள். சொல்லி முடித்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், சின்னதாகச் சிரித்தாள்.

வசனம் அங்கேயே வயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். லைட்டு ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு பக்க விண்ணப்பம் வைத்தாள். அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும். பதிலுக்கு எத்தனை வரி கேட்டாலும் எழுதித் தருகிறேன். காரணம் எழுதவில்லை.

ஆலோசகர் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "அது இப்ப உங்க வரி இல்லம்மா. நம்ம பாரம்பரியம். முப்பத்திரண்டு வாரமா இருக்கு" என்றார். தலைவர் ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ளவர் என்பதால் வாக்கெடுப்பு வைத்தார். லைட்டு கை தூக்கினார், கேமரா தூக்கியது, மேக்கப்பு தூக்கியது. ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருந்துவிட்டு, பதினேழு ஒத்துக்கல என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

வசனம் எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"நான் ஒத்துக்கறேன். எடுத்துடுங்க" என்றாள்.

ஆலோசகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவர் எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினார். "வசனம். எழுந்திருங்க. இப்ப அவர் வந்தா எங்க உக்காருவார்?"

"அவ வர மாட்டா" என்றாள் வசனம்.

யார் என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரி ஒரு துணியை எடுத்து வந்து, அவள் எழுந்த பிறகு நாற்காலியைத் துடைத்தார். கூட்டக் குறிப்பில், பதினேழாம் நாற்காலிக்கு ஒரு முகம் இல்லாததால் ஊழியர்களிடையே குழப்பம் நிலவுவதாகவும், விரைவில் ஒரு முகம் ஏற்பாடு செய்யப்படும் என்றும் பதிவாயிற்று.

முகம் ஏற்பாடாயிற்று. நூற்றெழுபத்தைந்தாவது பகுதியை ஒட்டி ஞாயிறு மதியம் நாலு மணிக்குச் சிறப்பு நிகழ்ச்சி. பதினேழாம் நாற்காலியே நேரில் தோன்றித் தன் கதையைச் சொல்வார். அவருக்கு வசனம் எழுதித் தரும்படி வசனத்தைத்தான் கேட்டார்கள். உங்களுக்குத்தான் அந்த இடம் நல்லாப் பழக்கம் என்றார் தலைவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆலோசகர் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா நாலு மணிக்கு முன்னாலேயே டிவியைப் போட்டுவிட்டாள். திரையில் அதே நாற்காலி. அதன் விளிம்பில், கண்ணீர் பளபளக்கிற மாதிரி வெளிச்சம் விழ, ஒரு நடுத்தர வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். தனக்கும் ஒரு தங்கை இருந்ததாகச் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கியதாம். அப்புறம் காற்றைத் திட்டினாள். வானத்தைச் சாட்சிக்கு அழைத்தாள். தங்கையின் வளையல்கள் இன்னமும் வாசலில் பேசுவதாகச் சொன்னாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பதைக் காட்டினார்கள்.

அம்மா சத்தத்தைக் குறைத்தாள். வீட்டில் டிவி ஓடும்போது அம்மா சத்தத்தைக் குறைத்து வசனம் பார்த்ததில்லை.

"இவளுக்குத் தங்கச்சியே இருந்திருக்காது" என்றாள் அம்மா.

வசனம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உன்கிட்டப் பேசினாளாடி?"

யாரும்மா என்று கேட்கலாம். என்னிக்கு என்று கேட்கலாம். பதினெட்டு வருஷத் தொழிலில் இந்த மாதிரி இடத்துக்கென்று எத்தனையோ வைத்திருந்தாள். எதுவும் வாய்வரைக்கும் வரவில்லை.

"பேசினா. மூணேகாலுக்கு. வேலையா இருந்தேம்மா. அப்புறம் பேசறேன்னு வச்சிட்டேன்." கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள். "அவ தூக்கத்துல போகலம்மா."

"தெரியும்."

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "மூணு மணிக்கு எனக்குக் கூப்பிட்டா. தூங்கறவ எப்படிக் கூப்பிடுவா?"

திரையில் அந்தப் பெண் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல என்று வசனம் கேட்டாள். நீ அவ்வளவு சிரமப்பட்டு ஒண்ணு சொல்லியிருக்கே, அதை எப்படிக் கலைக்கறது என்றாள் அம்மா. வசனத்துக்கு அடுத்ததைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவும் வேண்டியிருந்தது.

"நீ எடுக்கலையா?"

"உன் சீரியல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. விளம்பரம் வந்ததும் கூப்பிடலாம்னு போனைப் பக்கத்துல வச்சேன்." அம்மா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "விளம்பரம் வந்துச்சு. எனக்கு மறந்துபோச்சு. அன்னிக்கு அவ்வளவு நல்லா எழுதியிருந்தே."

வசனம் சோபாவின் மறுகோடியிலிருந்து நகர்ந்து வந்தாள். தோளோடு தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். அம்மாவின் தோள் இவ்வளவு சின்னது என்பது அவளுக்கு மறந்திருந்தது.

"என்னம்மா பாத்துக்கிட்டு இருந்தே? என்ன சீன்?"

அம்மா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, விட்டதைப் பிடிக்கிற மாதிரி யோசித்தாள். "நல்லா இருந்துச்சுங்கறது ஞாபகம் இருக்கு. என்னன்னு இல்ல. நீ என்ன எழுதிக்கிட்டு இருந்தே?"

வசனம் தேடிப் பார்த்தாள். காகிதத்தின் நிறம் ஞாபகம் இருந்தது. அடுத்த பக்கத்துக்காக யாரோ வாசலில் வந்து நின்றது ஞாபகம் இருந்தது. அந்தக் காட்சியில் யார் இருந்தார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள், எதற்காக அழுதார்கள் என்று ஒரு சொல்கூட வரவில்லை.

"தெரியலம்மா" என்றாள்.

திரையில் எல்லோரும் எழுந்து நின்று சத்தமில்லாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அந்தக் காட்சியை ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.